பத்து நாள் சுற்று

2067 ஜூலை 11 காலை, கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ஏழாம் குடியேற்றத்திலிருந்து பத்து ஜோடி உழவு மாடுகள் ஐந்து லாரிகளில் ஏற்றி அனுப்பப்பட்டன. பதிலுக்கு ஜோடிக்கு எட்டு மூட்டை வீதம் எண்பது மூட்டை கேழ்வரகு இறக்கப்பட்டது. தண்ணீர் வண்டி இழுக்க ஒரு ஜோடி மட்டும் நிறுத்திக்கொள்ளப்பட்டது.

மாடுகளை அனுப்பும் காகிதத்தில் மறுகுடியேற்ற ஆணையத்தின் முத்திரை இருந்தது. குடியேற்றக் குழுத் தலைவி இலக்கியாவின் கையெழுத்தும் இருந்தது. ஆனாலும் லாரிப் புழுதி அடங்கும்வரை சாலையோரம் நின்றவர்கள் ரிஸ்வானாவைத்தான் பார்த்தார்கள். முடிவு அவளுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரிஸ்வானாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்துக்கொண்டிருந்தவள். தொழிற்சாலை மூடிய பிறகு, வேலை கேட்டு வரிசையில் நின்ற நேரமெல்லாம் போனில் 'ஏழாண்டு' ஆடினாள். அது ஒரு குடியேற்ற விளையாட்டு. ஆடுபவர் கையில் முந்நூற்று நாற்பது மனிதர்கள், கொஞ்சம் தானியம், சில கருவிகள், மாடுகள், ஒரு துண்டு நிலம். ஏழு ஆண்டுகள் அவர்களைப் பிழைக்க வைத்தால் வெற்றி. மற்ற விளையாட்டுகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இதில் வரும் மண் நிஜமான மண். ஆணையம் மக்களைக் குடியேற்றப்போகும் இடங்களின் மண் ஆய்வையும் முப்பது ஆண்டு மழைக் கணக்கையும் விளையாட்டுக்குள் போட்டிருந்தார்கள். கடல் ஏறிய ஊர்களிலிருந்து லட்சக்கணக்கானோரை எங்கே, எப்படி உட்கார வைப்பது என்று அதிகாரிகளுக்குப் புரியவில்லை. ஊரே ஆடட்டும், அதில் ஜெயிக்கும் வழியைத் திட்டமாக எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள்.

ஆடியவர்களிடையே ஆறு வருடமாக ஓயாத சண்டை ஒன்று இருந்தது: மாடு பூட்டிய ஏர் தேவையா, இல்லையா. ரிஸ்வானா தேவையில்லை என்ற கட்சி. ஒரு ஜோடி மாட்டுக்கு இரண்டு ஏக்கர் தீவனம் ஒதுக்க வேண்டும். ஒரு ஆள் முழுநேரமும் அதன் பின்னால் அலைய வேண்டும். அந்த நிலத்தையும் ஆளையும் சாப்பாட்டுக்குத் திருப்பினால் முதல் மூன்று வருடம் தாண்டிவிடலாம். மண்வெட்டியே போதும். மாட்டை முதலில் அனுப்பு என்பதுதான் அவள் முறை. அவளோடு வாதாடியவர்களை 'ஏர்க்காரன்' என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். பட்டிக்காட்டுப் புத்தி, பாசத்துக்காகத் தோற்பவன் என்று அதற்குப் பொருள். கல்வராயன் அடிவாரத்தை அவள் நாற்பத்தொரு முறை ஜெயித்திருந்தாள். வேறு எவரும் ஐந்தைத் தாண்டவில்லை. ஆணையம் அவளைத் திட்ட அலுவலராக நியமித்து அங்கேயே அனுப்பியது.

அங்கே குடியேற வந்த முந்நூற்று நாற்பது பேரும் வேதாரண்யம் பக்கத்து ஜனங்கள். சேற்றில் நெல் போட்டவர்கள். வீடு, வயல் எல்லாம் உப்புத் தண்ணீருக்குள் போன பிறகு, கொம்பு தீய்த்த உம்பளச்சேரி இன மாடுகளை மட்டும் எப்படியோ ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மாடுகளை அனுப்புவதற்கு முந்தைய கூட்டத்தில் ரிஸ்வானா தன் தீவனக் கணக்கையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். தார்ப்பாய்க் கொட்டகையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிவள்ளல் மட்டும் எழுந்தார். அறுபது வயது, ஒல்லியான மனிதர், மனைவி இல்லை, மகள் நறுமுகை மட்டும். எங்கள் மாடு சேற்றில் உழுதது, கட்டாந்தரைக்கும் பழக்கிக்கொள்ளலாம் என்றார். பழக்க முடியும், ஆனால் பழக்கி என்ன லாபம் என்று ரிஸ்வானா கேட்டாள்.  வெறுங்கையோடு ஊர் விட்டு வந்தோம், இதுகளையும் விட்டால் நாம் யார் என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

"மாட்ட அனுப்பறதுன்னா பாரியண்ணனையும் சேத்து ஏத்துங்க மேடம். எடை கொஞ்சம் கூட வரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை சிரித்தது. பாரியும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அத்தோடு முடிந்தது.

தண்ணீர் வண்டிக்கு எந்த ஜோடி என்று கேட்டபோது, அவருடையதே இருக்கட்டும் என்று ரிஸ்வானா சொன்னாள். இரக்கம்தான். அது தன் முறைக்கு ஒவ்வாத காரியம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19 மாலை மழை வந்தது. ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். மறுநாள் விடியும்போது வேலை செய்யக்கூடிய இருநூறு பேரும் மண்வெட்டியோடு நிலத்தில் நின்றார்கள். சிவப்பு மண் பதமாக இருந்தது. ஆளுக்கு நான்கு சென்ட் வீதம் அன்று எட்டு ஏக்கர் கொத்தி விதைத்தார்கள். விளையாட்டில் வருவதும் அதே எட்டுதான். ரிஸ்வானா வரப்பில் நின்று போனில் குறித்துக்கொண்டாள்.  இத்தனை வருடம் திரையில் நகர்த்திய புள்ளிகள் வியர்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, அவள் போட்ட கோட்டின்படி நகர்ந்தன. திட்டத்தின் நூற்று அறுபதாவது பக்கத்தில் இருக்கும் எண் கண்ணெதிரே விளைந்தது. எண்பது ஏக்கர் வேண்டும். பத்து நாளில் முடிந்துவிடும்.

இரண்டாம் நாளும் எட்டு. மூன்றாம் நாள் மண்ணின் நிறம் வெளுத்தது, ஆறு ஏக்கர். நான்காம் நாள் மண்வெட்டி தரையில் பட்டுத் துள்ளியது. இலக்கியா கைப்பிடி உடைந்த மண்வெட்டியோடு வந்து, "பாப்பா, இது மண்ணா ஓடா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. அன்று நான்கு ஏக்கர். ஐந்தாம் நாள் அரை ஏக்கர். அதற்குமேல் யாராலும் ஒரு கொத்து இறக்க முடியவில்லை.

இதற்கு நடுவே மூன்றாம் நாள் காலை பாரி யாரையும் கேட்காமல் தண்ணீர் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தார். கூரைமேல் கிடந்த மரக்கலப்பையை இறக்கிப் பூட்டினார். தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்ததும் ரிஸ்வானா அவரைத் தேடிப் போனாள். அவர் கிழக்கு ஓரத்தில் உழுதுகொண்டிருந்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். உழுத நிலத்தை எட்டுவைத்து அளந்தாள். ஒரு காலைப் பொழுதில் முக்கால் ஏக்கர். மாலைக்குள் ஒன்றாகிவிடும். இருபத்தைந்து பேர் ஒரு நாள் முழுக்கக் கொத்துவது அது. மண் வெளுக்கும் வேகத்தைப் பார்த்தால் இன்னும் ஒரு நாள்தான் தாங்கும்.

பதினோரு ஜோடி. நான்கு நாள். நாற்பத்து நான்கு ஏக்கர்.

அவள் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெருக்கல் கணக்கு ஒன்றும் புதிதல்ல. மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு உழும் என்று அவளுக்கு எப்போதும் தெரியும். மழைக்குப் பிறகு எத்தனை நாள் உழ முடியும் என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை. விளையாட்டில் நாள் கிடையாது. ஒரு சுற்று என்பது பத்து நாள். பத்து நாளுக்கு ஒரே மழை, ஒரே ஈரம், ஒரே உழைப்பு. அதில் மண் காய்வதே இல்லை.

குடியேற்றத்தின் போன் கோபுரம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் வேலை செய்யும். அடுத்த செவ்வாய் அவள் விளையாட்டை எழுதிய தீபனைக் கூப்பிட்டாள். அவன் சென்னையில் இருந்தான். அவள் பெயரைக் கேட்டதும் சந்தோஷப்பட்டான். நாற்பத்தொரு வெற்றியை அவன் மறக்கவில்லை. ஒரு சுற்று ஏன் பத்து நாள் என்று கேட்டாள். ஆரம்பத்தில் ஒரு நாளாகத்தான் இருந்தது, மூன்றாம் பதிப்பில் மாற்றினோம் என்றான். ஒரு நாள் சுற்றில் ஓர் ஆட்டம் முடிய முப்பது மணி நேரம் ஆகும், போன் சூடாகும், ஆட்கள் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பத்து நாளாக்கியதும் கூட்டம் வந்தது.

"இங்க நாலு நாள்ல மண்ணு இறுகிப்போவுது தீபன். மாடு இருந்திருந்தா கிட்டத்தட்ட முழுசா விதைச்சிருக்கலாம்."

 பழைய பதிப்பு தன்னிடம் துண்டு துண்டாக இருக்கிறது, ஒட்டிப் பார்த்து மாடுகளோடு ஓட்டிச் சொல்கிறேன் என்றான். சொந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். செய்யுங்கள் என்றாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மழை பெய்தது, பதினோரு மில்லிமீட்டர். அது புழுதியை நனைத்துவிட்டுப் போனது. வடகிழக்குப் பருவமழை கடற்கரையோடு நின்றது. மாட்டுக்கு மாற்றிய எண்பது மூட்டை அக்டோபரில் தீர்ந்தது. அறுவடை நூறு மூட்டையைச் சற்றுத் தாண்டியது. அறுவடை வந்துவிடும் என்று திட்டத்தில் எழுதியிருந்தபடி டிசம்பரோடு ஆணையத்தின் ரேஷன் நின்றது. ரிஸ்வானா எழுதிய ஏழு கடிதங்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: திட்டத்தில் இல்லாத வழங்கலுக்கு இடமில்லை. அது அவளுடைய திட்டம். அதில் அவள் இடம் வைக்கவில்லை.

அவளும் அதே கூழைத்தான் குடித்தாள். பிப்ரவரியில் அது நாளைக்கு ஒரு வேளையானது. முதலில் கைக்குழந்தைகளும், பிறகு வயதானவர்களும் இறந்துபோனார்கள். சில குடும்பங்கள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறின. அட்டை இல்லாதவருக்கு எந்த ஊரிலும் ரேஷன் கிடையாது என்பதால் மற்றவர்கள் தயங்கினார்கள்.

மார்ச் இரண்டாம் வாரம் பாரி அவள் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. மாட்டை அறுத்துவிடலாம் என்றார். நறுமுகைக்கு எட்டு மாதக் கர்ப்பம். கால் வீங்கிவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது.

"நான் உழுத மாடு. நான் தொட மாட்டேன். அவளுக்குக் குடுங்க. மத்தவங்களுக்கும் குடுங்க."

ரிஸ்வானா முடியாது என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள், இந்த முறை தரையைப் பார்த்து.

"ஆளுக்கு ஒரு கிலோகூட வராதுண்ணே. ஆறு நாள் ஓடும். ஆவணி மழைக்கு இந்த ஜோடி இருந்தா நாலு ஏக்கர் கூட. நாலு ஏக்கர்னா முப்பது பேருக்கு ஒரு வருஷம்."

"போன வருஷம் என்ன சொன்னீங்க?"

"தப்பா சொன்னேன்."

 கூட்டம் போடுங்கள், ஊர் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் பாரி போய்விட்டார்.

கூட்டத்தில் அவளுடைய பழைய விளக்கம் வரி மாறாமல் அவளிடமே திரும்பி வந்தது. ஒரு ஜோடி மாடு இரண்டு ஏக்கரைத் தின்னும். ஒரு ஆளைத் தின்னும். முதல் மூன்று வருடம் மண்வெட்டி போதும். சொன்னவர்களில் கிண்டல் செய்யத் தெம்பிருந்தவர் ஒருவர்தான். "மேடம் ஏர்க்காரரா ஆயிட்டாங்க" என்றார். அந்த வார்த்தை விளையாட்டிலிருந்து இங்கே எப்படி வந்தது என்று ரிஸ்வானாவுக்குத் தெரியவில்லை. அவளே எப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உழுத மாட்டைத் தின்பது பாவம் என்று யாரும் பேசவில்லை. அந்தப் பேச்சுக்கான காலம் ஜனவரியிலேயே முடிந்திருந்தது.

அவள் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். பத்து நாள் சுற்று, நான்கு நாள் ஈரம், நாற்பத்து நான்கு ஏக்கர். அந்தப் பத்து ஜோடியை அனுப்பியது தன் தவறு என்று சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. உடையும் என்று நினைத்திருந்தாள். இந்த ஒரு ஜோடியையாவது வைத்துக்கொண்டால் ஆவணியில் வழி இருக்கிறது, இதன் கன்றுகளை வாங்கலாம், அக்கம்பக்கத்தில் மாடு கேட்கலாம், ஏர் இருந்தால்தான் இந்த மண்ணில் வாழ முடியும் என்றாள். ஜோடியில் இரண்டும் காளை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. யாரும் திருத்தவும் இல்லை.

இலக்கியா கடைசியாகப் பேசினார். "ஒரு தடவ நம்புனோம். அது தப்பாப் போச்சுன்னு அவளே சொல்றா. தப்ப ஒத்துக்கிட்டவள ரெண்டாவது தடவ நம்பலாமா வேணாமா, கைய தூக்குங்க."

குடும்பத்துக்கு ஒரு கை. வைத்துக்கொள்ள நாற்பத்தொன்று. அறுக்க முப்பத்தெட்டு.

நறுமுகைக்கு ஏப்ரல் 6 அன்று ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. அவளுக்குப் பால் ஊறவே இல்லை. அதன் பிறகு அவள் ரிஸ்வானாவோடு பேசவில்லை. ஆனால் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போடுவதை அவள்தான் செய்தாள், தினமும், இரண்டு வேளையும். தன் கூழில் கொஞ்சம் மீதம் வைத்து அதன் தொட்டியில் ஊற்றுவதை ரிஸ்வானா ஒருமுறை பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதம் இலக்கியா இறந்தார்.

ஜூன் மாதத்து இரண்டாவது செவ்வாய் தீபன் கூப்பிட்டான். பழைய பதிப்பு ஓடுகிறது என்றான். எழுபதாயிரம் தடவை ஓட்டியிருக்கிறான். அவன் குரலில் வேலை முடித்தவனின் நிம்மதி இல்லை.

"மாட்டோடயா?"

"மாட்டோட, மாடில்லாம. பதினோரு ஜோடி, இருபது ஜோடி. எல்லாம் போட்டுப் பார்த்தேன் ரிஸ்வானா. மாடு வெச்சா முதல் வருஷம் தாண்டுது. ரெண்டாவது வருஷம் தீவனம் இல்ல, மாடு சாவுது. மாடில்லாட்டி முதல் வருஷமே போச்சு. மூணாவது வருஷத்த எந்த ஆட்டமும் பார்க்கல."

எழுபதாயிரத்தில் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றான். பிறகு, அவள் கேட்காமலே ஒன்றைச் சொன்னான். போன முறை அவன் பாதிதான் சொல்லியிருந்தான். ஆட்டம் நீளம் என்பது உண்மைதான், போன் சூடானதும் உண்மைதான். ஆனால் ஆட்கள் விட்டுப் போனதற்கு அதுவல்ல காரணம். ஒரு நாள் சுற்றில் கல்வராயன் அடிவாரத்தை எவரும் ஜெயிக்கவில்லை. எழுதி வைத்திருந்த பதினேழு இடங்களில் பதினொன்றை ஜெயிக்க முடியவில்லை.

"ஜெயிக்க முடியாத ஆட்டத்த யாருங்க ஆடுவாங்க? இத நம்பித்தான் எங்க பத்து பேரு வேலை இருந்துச்சு. பத்து நாளாக்கினோம், சரியா வந்துச்சு. இத வெச்சு ஆள உட்கார வைப்பாங்கன்னு அப்ப யாரும் சொல்லல. சொன்னப்போ..." நிறுத்தினான். "சொன்னப்போ, நீங்க ஜெயிச்சிட்டு இருந்தீங்க. ஒருவேளை முடியும்போலன்னு நெனச்சேன்."

ஆணையத்திடம் சொன்னாயா என்று கேட்டாள். சொல்லியிருக்கிறேன், பழைய பதிப்பு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று பதில் வந்தது என்றான்.  கோபுரத்தின் நேரம் முடியும்வரை அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

பாரி கொட்டகையில் கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அவள் அருகில் உட்கார்ந்து தீபன் சொன்னதை அப்படியே சொன்னாள். மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நிலம் கொடுக்காது. ஏர் நல்லதா கெட்டதா என்று ஆறு வருடம் போட்ட சண்டைக்கு அர்த்தமே இல்லை. மார்ச்சில் மாட்டை வைத்துக்கொள்ள அவள் கேட்டதற்கும் இல்லை.

அவர் செதுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப அன்னிக்கே அறுத்திருக்கலாம்."

"ஆமாண்ணே."

"அந்தப் புள்ள..."

  பதில் எண்ணாக இருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நறுமுகை அந்த ஆறு நாள் இறைச்சி தின்றிருந்தால் பால் ஊறியிருக்குமா என்பது எந்தக் கணக்கிலும் வராது.

இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை, மாலைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றாள்.

"நறுமுகைகிட்ட மட்டும் நான் சொல்றேன். மத்தவங்களுக்கு நீங்க சொல்லுங்க" என்றார். கையை ஊன்றி எழுந்து போனார்.

அவள் சொன்னாள்.  அவளை யாரும் அடிக்க வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். ஒரு பெண் மட்டும், அப்படியானால் எங்கே போவது என்று கேட்டாள். ரிஸ்வானாவிடம் அதற்குத் திட்டம் இல்லை. விதை இருக்கிறது, விதைத்துப் பார்த்துவிட்டுப் போவோம் என்று சிலர் சொன்னார்கள். விதையை இப்போதே தின்றுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கைதூக்கச் சொல்ல இலக்கியா இல்லை. பாதியைத் தின்றார்கள், பாதியை வைத்தார்கள்.

2068 செப்டம்பர் 2 அன்று நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் மழை பெய்தது. பாரி நான்கு நாளும் உழுதார். நறுமுகை பின்னால் விதை போட்டுக்கொண்டே நடந்தாள். மற்றவர்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள், ரிஸ்வானா உட்பட. எல்லாம் சேர்த்து பதிமூன்று ஏக்கர். அதற்கடுத்த மழை அக்டோபர் முடியும்வரை வரவில்லை. முளைத்தது கருகியது.

நவம்பர் 4 அன்று மீதமிருந்த நூற்று எண்பத்தாறு பேரும் சேலம் சாலையை நோக்கி நடந்தார்கள். டிசம்பரில் ஆணையம் ஏழாம் குடியேற்றத்தைக் காலியிடமாகப் பதிவு செய்து, நானூறு பேர் கொண்ட அடுத்த தொகுதியை அதற்கு ஒதுக்கியது.